சொல்வன்மைன்னா அடுக்குமொழியா பேசுறதா?

ஆபீஸ்ல ஒருத்தர் மைக் புடிச்சா அரைமணி நேரம் எதுகை மோனையா கொட்டுவாரு, எல்லாரும் கைதட்டுவாங்க, வெளிய வந்து என்னதான் சொன்னாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல, இதுக்குப் பேருதான் சொல்வன்மையா?

சுண்டல்: இல்லீங்க. திருக்குறள்ல 65வது அதிகாரமே சொல்வன்மைதான். அதுல 649 பாருங்க, குத்தமில்லாம நாலே வார்த்தைல சொல்லத் தெரியாதவங்கதான் நிறைய பேச ஆசப்படுவாங்கன்னு இருக்கு. உங்க ஆளு அப்பவே இருந்திருக்காரு போல 😄

மதுரக்காரன்: அதுக்காக கம்மியா பேசுனா போதும்னும் இல்ல ப்ரோ, அடுத்த குறள்லயே படிச்சத மத்தவனுக்குப் புரியுற மாதிரி விரிச்சு சொல்லத் தெரியாதவன, கொத்தா பூத்தும் வாசன இல்லாத பூன்னுட்டாரு. நான் அந்த கேசு, வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, வாயே தொறக்கல.

கேள்வி கேட்டவர்: 649ஐ பிரிண்ட் எடுத்து மைக் பக்கத்துல ஒட்டிரலாமான்னு யோசிக்கிறேன் 😂