ஸ்காபரோ–ரூஜ் ரிவர் மாகாணத் தொகுதி: முடிவுகளை எந்த எல்லையில் வைத்துப் பார்ப்பது?

ஏட்டுச்சுவடி:
வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டசபையில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதிக்கு இருந்த பழைய தொகுதியான ஸ்காபரோ–ரூஜ் ரிவருக்குத் தேர்தல் அட்டவணை ஒன்று தயாரிக்கிறேன். மூன்று சிக்கல்கள். ‘ஸ்காபரோ நோர்த்’ என்ற தொகுதி 1999க்கு முன்பும் வருகிறது, 2018க்குப் பிறகும் வருகிறது, இரண்டும் ஒன்றா? 2015 மத்திய தேர்தலில் ரூஜ் ரிவர் என்ற பெயரே இல்லை, ஆனால் 2016இல் அங்கே மாகாண இடைத்தேர்தல் நடந்திருக்கிறது. எப்படி? 2003ஐயும் 2007ஐயும் நேராக ஒப்பிடலாமா?

எல்லைக்கல்:
மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்தக் காலத்தில் மாகாணம் தன் தொகுதி எல்லைகளை மத்திய அரசிடமிருந்து கடன் வாங்கியது, ஆனால் சில வருடம் பிந்தித்தான் வாங்கியது.

1996இல் ஒன்ராறியோவின் மைக் ஹாரிஸ் அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரே ‘அரசியல்வாதிகளைக் குறைக்கும் சட்டம்’. 130 இடங்கள் 103 ஆகின, எல்லைகள் மத்திய தொகுதிகளின் எல்லைகளே. 1999 தேர்தலில் ரூஜ் ரிவர் மாகாணத் தொகுதியாகப் பிறந்தது அப்படித்தான். மத்தியில் அந்தப் பெயர் 1988 தேர்தலிலிருந்தே உண்டு.

மத்திய அரசு 2004 தேர்தலிலேயே புதிய எல்லைக்குப் போய்விட்டது. மாகாணம் போனது 2007இல். அதனால் 2005 நவம்பர் 24 இடைத்தேர்தல் 1996 எல்லையில் நடந்தது. 2003ஐயும் 2005ஐயும் ஒப்பிடலாம். 2007ஐ அவற்றோடு ஒரே வரைபில் கோடாக இழுக்காதீர்கள். பெயர் மாறாததால் எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான்.

2015–2018 இடைவெளியும் அதே கதை. மத்தியில் தொகுதி 2015இல் மறைந்தது. மாகாணத்தில் 2018 ஜூன் 7 தேர்தல் வரை இருந்தது. 2016 செப்டெம்பர் 1 இடைத்தேர்தல் அந்த இடைவெளியில் விழுந்தது.

மால்வேர்ன்வாசி:
ஸ்காபரோ நோர்த் விடயம்: இரண்டும் வேறு. பழையது 1963இலிருந்து 1999 வரை. 1985 வரை கன்சவேட்டிவ் கட்சியின் தோமஸ் வெல்ஸ், பிறகு லிபரல் கட்சியின் அல்வின் கேளிங். புதியது ரூஜ் ரிவரின் மேற்குப் பகுதியையும் ஸ்காபரோ–அஜின்கோர்ட்டின் ஒரு துண்டையும் சேர்த்தது. கிழக்குப் பகுதி ஸ்காபரோ–ரூஜ் பார்க்குக்குப் போனது; அதில் பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட், ஸ்காபரோ–கில்ட்வூட் துண்டுகளும் சேர்ந்திருப்பதால், ரூஜ் பார்க்கை ‘ரூஜ் ரிவரின் புதிய பெயர்’ என்று எழுதுவது தவறு. தமிழ் இணையத்தளங்களில் இந்தத் தவறு நிறையவே கிடக்கிறது. அட்டவணையில் ‘ஸ்காபரோ நோர்த் (1963–1999)’, ‘ஸ்காபரோ நோர்த் (2018 முதல்)’ என்று ஆண்டோடு எழுதுங்கள்.

உறுப்பினர் வரிசை மூன்று பேர்தான்: கேளிங் (1999–2005, 2003இலிருந்து சபாநாயகர், தூதுவர் பதவிக்காக விலகினார்), பாஸ் பால்கிசூன் (2005–2016, லிபரல்), ரேமண்ட் சோ (2016–2018, கன்சவேட்டிவ்). 2016இல் லிபரலுக்குப் பிரகல் திரு, என்டிபிக்கு (புதிய ஜனநாயகக் கட்சி) நீதன் சான் என இரண்டு தமிழர்கள் நின்றார்கள். 1985இலிருந்து லிபரல் கையில் இருந்த பகுதி அன்று கைமாறியது. 2018இல் சோ நோர்த்திலும், விஜய் தணிகாசலம் ரூஜ் பார்க்கிலும் வென்றார்கள்.

ராதிகா சிற்சபைஈசனை (2011–2015) இந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். அவர் அதே பெயருள்ள மத்திய தொகுதியின் உறுப்பினர்.

ஏட்டுச்சுவடி:
நன்றி. 2014 மாகாணத் தேர்தல் முடிவை 2018இன் புதிய எல்லைக்கு மாற்றிக் கணக்கிட முடியுமா?

எல்லைக்கல்:
தோராயமாக முடியும். தேர்தல் திணைக்களத்தின் வாக்குச்சாவடிவாரி முடிவை எடுங்கள். ஒவ்வொரு சாவடியின் பரப்பும் எந்தப் புதிய தொகுதிக்குள் விழுகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். கோடு சாவடியை வெட்டினால் பரப்பளவால் பிரிக்காதீர்கள், வீட்டு எண்ணிக்கையால் பிரியுங்கள். கிழக்கே ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காடும் வயலும் நிறைய, அங்கே பரப்பு ஏமாற்றும். முற்கூட்டிய வாக்குகள்தான் தொல்லை: பல சாவடிகளின் வாக்கு ஒரே பெட்டியில் வரும். அந்தப் பெட்டிக்குரிய சாவடிகளில் தேர்தல் நாளன்று எத்தனை பேர் வாக்களித்தார்களோ அந்த விகிதத்தில் பகிருங்கள், அட்டவணையில் ‘மதிப்பீடு’ என்று குறியுங்கள்.

மால்வேர்ன்வாசி:
இன்னொன்று. ரொறன்ரோ மாநகரசபையின் 41ஆம், 42ஆம் வட்டாரங்களும் ரூஜ் ரிவர் என்ற பெயரில்தான் இருந்தன. பால்கிசூன் 41இலும் சோ 42இலும் கவுன்சிலர்களாக இருந்தவர்கள். 2017 பெப்ரவரியில் நீதன் சான் வென்றது 42ஆம் வட்டார இடைத்தேர்தல். தேடும்போது மூன்று அரசுகளின் முடிவும் கலந்து வரும். முதலில் எந்த அரசு என்று பிரித்துவிட்டு எண்களைத் தொடுங்கள்.