மறு: கிளமிடியாவுக்கு 'மேகக்கிருமி' வேண்டாம், அது குடியிருக்கும் பைக்கு 'ஒண்டறை' வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

கிளமிடியா என்ற பாக்டீரியாவுக்குத் தமிழில் 'மேகக்கிருமி' என்று பெயர் வைக்கலாம் என புதுவை ஐயா எழுதியிருந்ததை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். உடலுறவால் தொற்றும் நோயை மேகநோய் என்றால் கிராமத்து ஆளுக்கும் புரியும் என்பது அவர் வாதம். புரியும்தான் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். கடலூரில் ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன், நாளைக்கு அறிக்கை எழுதப்போவது அவர்கள்தான். பிறந்து பத்து நாள் ஆன குழந்தை கண்ணெல்லாம் சீழ் கட்டி வருகிறது, பிரசவத்தின்போது தாயிடமிருந்து ஒட்டிய கிளமிடியா என்று தெரிகிறது, அந்தத் தாளில் 'மேகக்கிருமி' என்று அச்சடித்துக் கொடுத்தால் அன்று சாயங்காலம் அந்த வீட்டு மருமகள் கதி என்ன? தொற்று இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருப்பதில்லை, கருக்குழாய் வரை ஏறித் தழும்பாகி, பிள்ளை உண்டாகவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

இன்னொன்று, இதே கிளமிடியா டிரக்கோமாட்டிஸின் ஏ, பி, சி வகைகள் பிடிப்பது கண்ணை. அது பரவ விரல், துண்டு, ஈ இவை போதும். தேவனாம்பட்டினத்தில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஆயா தினம் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையில் உடைந்த கண்ணாடித்துண்டு, இன்னொரு கையில் முள்வாங்கி வைத்துக்கொண்டு இமை மயிரைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். 'முடி குத்துதுடா' என்பார், அவ்வளவுதான். டிரக்கோமா என்ற இந்தக் கண்நோயின் தழும்பு என்று பிற்பாடு கண் டாக்டர் சொன்னார். இமையின் உள்பக்கம் தழும்பேறிச் சுருங்கி, மயிர் உள்நோக்கித் திரும்பி, ஒவ்வொரு இமைப்புக்கும் விழியை உரசும். டிரக்கோமா இந்தியாவில் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2024 அக்டோபரில்தான் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஆயாவுக்கு வந்ததை எந்த வாயால் மேகம் என்பது?

அப்புறம் இந்தக் கிளமிடியாக் கூட்டமே பெரிது. கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றி நுரையீரலைக் கெடுப்பது ஒன்று, ஆட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்குவது ஒன்று, ஆஸ்திரேலியாவில் கோவாலாக்களைக் குருடாக்குவது ஒன்று. மீன் செவுளில் கட்டி கட்டியாக வளர்கிற உறவினர்களும் உண்டு, அமீபாவுக்குள் வாழ்கிறவையும் உண்டு. ஆர்க்டிக் கடலடிச் சேற்றிலிருந்து இதுவரை அறியாத பல கிளைகளை மரபணு வழியாகக் கண்டுபிடித்ததாக 2020இல் கட்டுரை வந்தது. மேகம் என்ற பெயர் இதில் எதற்குப் பொருந்தும்?

சரி, 'போர்வைக்கிருமி'? மூலப்பெயரின் நேர்ப்பொருள் அதுதான், கிரேக்கத்தில் கிளமிஸ் என்றால் மேலங்கி. 1907இல் ஜாவாவில் ஹால்பர்ஸ்டாட்டரும் புரோவாசெக்கும் டிரக்கோமா நோயாளியின் கண்ணிலிருந்து எடுத்ததை ஒராங்குட்டான் கண்ணில் தடவி, பிறகு சுரண்டி எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தார்கள். செல்லின் உட்கருவை ஒட்டிப் பொடிப்பொடியாக ஒரு குவியல், அதைச் சுற்றி ஏதோ போர்த்தியதுபோல் தெரிந்தது. வைத்துவிட்டார்கள் பெயரை. அதன்பின் பல பத்தாண்டுகள் இதை வைரஸ் என்றே நம்பினார்கள், பாக்டீரியா என்பது 1960களில்தான் உறுதியானது. அவர்கள் கண்ணுக்குப் பட்ட போர்வையை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்? சால்மோனெல்லாவை சால்மோனெல்லா என்றே எழுதுகிறோம், கிளமிடியாவும் கிளமிடியாவாகவே இருக்கட்டும்.

தமிழ் வேண்டியது அதன் உறுப்புக்கும் செயலுக்கும். அது எடுக்கும் இரண்டு வடிவங்களுக்குப் பாடக்குறிப்பில் 'அடிப்படை உடலம்', 'வலைப்பின்னல் உடலம்' என்று இருக்கிறது. போன வருடம் ஒரு பெண் எழுந்து 'எதுக்கு அடிப்படை சார்?' என்று கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. முதலாவது 0.3 மைக்ரோமீட்டர்தான், கெட்டியான ஓடு, செல்லுக்கு வெளியே தாக்குப்பிடிக்கும், புதுச் செல்லுக்குள் நுழையும், ஆனால் பிளந்து பெருகாது. உள்ளே போனதும் 1 மைக்ரோமீட்டர் அளவுக்குப் பருத்து இரண்டாவது வடிவமாகிறது, அது பெருகும், ஆனால் அடுத்த செல்லைத் தொற்றாது. பெருகியபின் மறுபடி சிறுத்துக் கெட்டியாகி இரண்டு மூன்று நாளில் வெளியேறுகின்றன. ஒன்று தொற்ற, ஒன்று பெருக. எனவே தொற்றுடலம், பெருகுடலம். தொற்றுடலத்துக்கு விழுப்புரம் அக்கா சொன்ன 'வித்துடல்' காதுக்கு இனிமைதான், ஆனால் வித்து என்றதும் மாணவர்கள் பாசில்லஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் வித்தோடு குழப்பிக்கொள்வார்கள், அது வேறு சங்கதி.

இவை குடியிருக்கும் பைக்கு 'உள்ளடக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள், புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி இருக்கிறது. என் முன்மொழிவு 'ஒண்டறை'. நம் செல்லின் சவ்வையே சுவராகக் கொண்டு, செரிக்க வரும் லைசோசோமைக் கிட்டே சேர்க்காமல், சக்திக்கான ஏடிபியையும் அந்தச் செல்லிடமிருந்தே உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறை அது. கடைசியில் செல்லே வெடித்துப் போகிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். டிரக்கோமாட்டிஸின் ஒண்டறையில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேர்வதால் அயோடின் விட்டால் மங்கலான மஞ்சள் செல்லுக்குள் அது மட்டும் செம்பழுப்பாக, வெல்லப்பாகு சொட்டியதுபோல் தெரியும். அந்தப் படத்தைக் காட்டி 'இதுதான் ஒண்டறை' என்றேன், பின்பெஞ்சு வரைக்கும் விளங்கிவிட்டது.

இன்னும் ஒன்றுக்குச் சொல் அகப்படவில்லை. பெனிசிலின் பட்டாலோ டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கிடைக்காமல் போனாலோ பெருகுடலம் சாகாமல், பிளவாமல், அலங்கோலமாக ஊதிக் கிடக்கும், நெருக்கடி தீர்ந்ததும் பழையபடி கிளம்பிவிடும். 'முடங்குடலம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் முடங்கினது திரும்ப எழுந்திருக்கும் என்ற பொருள் அதில் வரவில்லை. ஐயா, இதற்கு நீங்கள் ஒரு சொல் தாருங்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பாடம் எடுக்கிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து