9 எம்எம் ரீலோடிங்: .356 குண்டு போட்டும் ஈயம் இழுக்கிறது, குண்டை மாற்றவா பவுடரை மாற்றவா?

ஹூஸ்டன்_ப்ரொடக்ஷன்:
வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருஷமாக யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு) மேட்ச்களில் ப்ரொடக்ஷன் என்ற டிவிஷனில் சுடுகிறேன். இதுவரை செம்பு உறை போட்ட .355 குண்டு (விட்டம், அங்குலத்தில்), எடை 124 கிரெயின், தோட்டாவை வீட்டிலேயே நிரப்பி வந்தேன், ஒரு தொல்லையும் இல்லை. விலை கட்டுப்படியாகவில்லை என்று போன மாதம் பாலிமர் பூச்சு போட்ட ஈயக் குண்டு, 147 கிரெயின், 2,000 வாங்கினேன். பெட்டியில் .356 என்று இருக்கிறது. 25 கஜத்தில் சுட்டுவிட்டு அட்டையைப் பார்த்தால் பத்தில் இரண்டு மூன்று ஓட்டைகள் வட்டமாக இல்லை, பக்கவாட்டில் நீண்டு கிழிந்திருக்கின்றன. பேரலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்களின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஈயம் ஒட்டியிருக்கிறது. பவுடர் டைட்குரூப். ரேஞ்சில் ஒருவர் .357 வாங்கு என்கிறார், இன்னொருவர் பவுடர்தான் காரணம், என்320-க்கு மாறு என்கிறார். எதை முதலில் மாற்றுவது?

ஈயம்_உருக்கி:
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் பேரல் எவ்வளவு என்று தெரியாமல் .356, .357 என்று பேசுவது செருப்புக் கடையில் கால் அளவு சொல்லாமல் நிற்பது போல. 9 எம்எம் பேரலுக்குப் பள்ளத்தின் விட்டம் .355 என்பது தாளில் உள்ள கணக்கு, நிஜத்தில் .3555, .356 என்று கொஞ்சம் பெரிதாகவும் வரும். ஈயக் குண்டு அந்தப் பள்ளத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சூடான வாயு குண்டின் ஓரமாக நுழைந்து ஈயத்தை அறுத்துக்கொண்டு போகும், குண்டும் வரியைச் சரியாகப் பிடிக்காமல் காற்றில் புரண்டு விழும். நீங்கள் பார்த்த நீள ஓட்டை அதுதான்.

அளக்கிற விதம்: துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு பேரலைத் தனியாகக் கழற்றுங்கள். உள்ளே எண்ணெய் தடவி, பள்ளத்தைவிடக் கொஞ்சம் பெரிய, சுத்தமான மெத்தென்ற ஈயத் துண்டை மரக்கட்டையால் மெல்லத் தட்டி இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுங்கள். வெளியே வந்த துண்டில் உயர்ந்து நிற்கும் இடத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள். வெர்னியர் வேண்டாம், நாம் தேடுகிற வித்தியாசத்துக்கு அது போதாது. வரிகள் ஐந்து இருந்தால் எதிரெதிரே மேடு வராது, அதற்கு வி-வடிவ மைக்ரோமீட்டர் தேவை.

அப்புறம் முக்கியமான ஒன்று, இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நிரப்பிய தோட்டா ஒன்றைச் சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் தட்டிக் குண்டை வெளியே எடுத்து, அடிப்பாகத்தை அளந்து பாருங்கள். 9 எம்எம் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் குழல்) உள்ளே போகப் போகச் சுவர் தடிக்கும், 147 கிரெயின் குண்டு நீளமானது, ஆழமாக இறங்கும். செம்பு உறைக் குண்டுக்கான எக்ஸ்பாண்டர் டை கேஸ் வாயைப் போதிய ஆழம் விரிக்காது. பெட்டியில் .356 ஆக இருந்த குண்டை உங்கள் கேஸே நசுக்கி .354 ஆக்கியிருக்கலாம்.

ஹூஸ்டன்_ப்ரொடக்ஷன்:
அண்ணா, நேற்று ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் செய்தேன். பேரல் .3553. பெட்டியிலிருந்து எடுத்த புதுக் குண்டு .3561. தோட்டாவிலிருந்து பிடுங்கிய குண்டின் அடி .3543! ஐந்து தோட்டா உடைத்தேன், ஐந்தும் அதே கதை. கேஸ் வாய் இருந்த இடத்தில் பூச்சில் நகத்தால் கீறியது போல ஒரு வளையமும் தெரிகிறது.

ஈயம்_உருக்கி:
வளையம் தெரிந்தால் கிரிம்ப்பும் (கேஸ் வாயைக் குண்டின் மேல் அழுத்துவது) அதிகம். கேஸ் வாயில் மணி போல விரித்த விளிம்பை நேராக்கினால் போதும், வாயின் வெளி விட்டம் .378 முதல் .380 வரை. அதற்கு மேல் அழுத்தினால் பூச்சு அறுபடும், அறுபட்ட இடத்திலிருந்து ஈயம் இழுக்கும். ஈயக் குண்டுக்கென்று வருகிற பெரிய எக்ஸ்பாண்டர் ஒன்று வாங்குங்கள், உங்கள் .356 குண்டே போதும். எக்ஸ்பாண்டர் மாற்றியபின் தோட்டாவைக் கழற்றிய பேரலில் போட்டுப் பாருங்கள்: டக்கென்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும்.

க்ரோனோ_பைத்தியம்:
பவுடர் பற்றி நான் சொல்கிறேன். ப்ரொடக்ஷனில் எல்லோருக்கும் மைனர் (குறைந்த பவருக்கான) ஸ்கோர்தான், ஆகவே உங்களுக்குத் தேவை பவர் ஃபேக்டர் 125, அவ்வளவுதான். குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 147 கிரெயின் குண்டு நொடிக்கு 885 அடி போனால் 130 வருகிறது. 125-ஐ ஒட்டி நிற்காதீர்கள், குளிர்ந்த காலையில் வேகம் குறைந்து 124 வந்தால் அந்த மேட்ச் முழுக்க ஸ்கோர் கிடையாது. நான் 129, 130-இல் வைத்துக்கொள்வேன்.

டைட்குரூப்பும் என்320-ம் இரண்டும் வேகமாக எரிபவை, கனமான குண்டை இந்த வேகத்துக்குத் தள்ள இரண்டுமே சரி. டைட்குரூப் அடர்த்தியானது, கொஞ்சம் போட்டாலே போதும், மலிவு. ஆனால் சூடாக எரியும், பூச்சு போட்ட குண்டில் புகை கூடுதல். ஃபின்லாந்தின் என்320 விலை அதிகம், எரிந்தபின் அழுக்கு குறைவு, கையில் உதை மெத்தென்று இருக்கும். அலையண்ட் ஸ்போர்ட் பிஸ்டல் பூச்சுக் குண்டை மனத்தில் வைத்தே செய்தது, அதையும் பார்க்கலாம். எதுவானாலும் பவுடர் கம்பெனியின் தாளில் அந்தக் குண்டு எடைக்குள்ள குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். மற்றவர் எழுதிய அளவை அப்படியே போடாதீர்கள், என் அளவையும் அதனால்தான் இங்கே எழுதவில்லை.

மணிக்கட்டு60:
ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். அடர்த்தியான பவுடர் கேஸின் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும், இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, கண்ணில் படாது. எனக்கு ஒரு தடவை நேர்ந்தது அதற்கு நேர்மாறு: தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் லீவர் பாதியில் நின்றது, ஒரு கேஸில் பவுடரே விழவில்லை. மேட்ச் நடுவில் 'பட்' என்று ஒரு மெல்லிய சத்தம், ஸ்லைடு நகரவில்லை. பின்னால் நின்ற ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்" என்று கத்தியதால் அடுத்ததைச் சுடவில்லை, பேரலின் நடுவே குண்டு சிக்கியிருந்தது. அன்று முதல் பிரஸ்ஸுக்கு மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு மாட்டி, குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். போனை வேறு அறையில் வைத்துவிடுவேன்.

ஹூஸ்டன்_ப்ரொடக்ஷன்:
எக்ஸ்பாண்டர் வந்துவிட்டது, பவுடரை மாற்றவில்லை. பிடுங்கிப் பார்த்த குண்டு இப்போது .356. சனிக்கிழமை 100 சுட்டேன், எல்லா ஓட்டையும் வட்டம், பேரலில் துணி விட்டால் வெறும் கரிதான் வருகிறது. க்ரோனோவில் (வேகம் அளக்கும் கருவி) சராசரி நொடிக்கு 881 அடி. விளக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன், மணிக்கட்டு அண்ணா.