ஓவர்ஃப்ளோவுக்கு 'வழிதல்' போதுமா? தேதிப் பிழைகளுக்கான கலைச்சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

நிரல்களில் ஒளிந்திருக்கும் தேதி ஓவர்ஃப்ளோ பிழைகளை (தேதியைக் குறிக்கும் எண் தனக்குரிய இடத்தில் அடங்காமல் போவதை) ஸ்டாட்டிக் அனாலிசிஸ் (நிரலை இயக்காமலேயே ஆராய்தல்) வழியாகக் கண்டுபிடிக்கும் கருவியின் எச்சரிக்கைச் செய்திகளைத் தமிழாக்கத் தொடங்கியிருப்பதால், இவ்விரண்டு தொடர்களுக்கும் நாம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஸ்டாட்டிக் அனாலிசிஸுக்கு 'நிலைப் பகுப்பாய்வு', 'இயங்காப் பகுப்பாய்வு' என்றும், தேதி ஓவர்ஃப்ளோவுக்கு 'தேதி வழிதல்', 'மிகைப்பாய்வு', 'காலவரம்பு மீறல்' என்றும் இதுவரை பரிந்துரைகள் வந்துள்ளன. இவற்றில் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் இந்தத் தமிழாக்கத்தைப் படிக்கப் போகிறவர்கள் யார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆந்திரத்தின் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்து, பின்னர் நிரலெழுதும் வேலைக்குப் போன பிள்ளைகள் எங்களுடன் சேர்ந்து இச்செய்திகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியும். அகராதித் தமிழ் பழக்கமில்லை. ஆகவே 'தேதி' என்ற சொல்லில் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழிலும் தெலுங்கிலும் அதுவே புழங்குகிறது. ஈழத்து அன்பர்கள் 'திகதி' என்று எழுதுவதை நான் மதிக்கிறேன். அவர்கள் தங்கள் பதிப்பில் அதை வைத்துக்கொள்வதில் யாருக்கும் தடையில்லை.

ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்பதை விரைவில் முடித்துவிடலாம். 'நிலை' என்ற சொல்லை நாம் ஏற்கெனவே 'ஸ்டேட்' என்பதற்குக் கொடுத்துவிட்டோம். எனவே 'நிலைப் பகுப்பாய்வு' என்பதைப் படிப்பவர், நிரலின் நிலைகளை ஆராயும் வேறொரு முறை என்றே எண்ணுவார். 'இயங்கா' என்பது தன்வினை. 'இயங்கா நிரல்' என்றால் வேலை செய்யாத, பழுதுபட்ட நிரல் என்றுதான் பொருள்படும். இங்கே சொல்ல வேண்டியது அதுவன்று: நிரலில் குறையிருந்தாலும் இல்லாவிட்டாலும், நாம் அதை இயக்காமலேயே, எழுதப்பட்ட வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்கிறோம். 'இயக்கு' என்ற பிறவினையிலிருந்து 'இயக்காப் பகுப்பாய்வு' என்று அமைத்தால் இந்தப் பொருள் பிசகாமல் கிடைக்கிறது. அதற்கு எதிரான டைனமிக் அனாலிசிஸுக்கு 'இயக்கிப் பகுப்பாய்தல்' என்பதும் இயல்பாக வந்து பொருந்துகிறது.

சிக்கல் ஓவர்ஃப்ளோவில்தான். 'வழிதல்' நல்ல தமிழ்ச் சொல். ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் அது மனத்தில் எழுப்பும் காட்சி இங்கே பிழையானது. நல்ல மழைபெய்த ஆண்டில் எங்கள் பக்கத்து ஏரி கோடி போனால், மிஞ்சிய நீர் மட்டுமே வெளியேறும். ஏரி நிறைந்தபடியே நிற்கும். குறியுடைய 32 பிட் எண்ணில், அதாவது எதிர்மறையாகவும் இருக்கக்கூடிய, 32 இரும இலக்கங்களில் எழுதப்படும் எண்ணில், நடப்பது வேறு. நேரத்தைக் குறிக்கும்போது, 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை அது எண்ணுகிறது. அதிகபட்சம் 214,74,83,647 வரைதான் அதில் அடங்கும். உலகப் பொதுநேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3:14:07க்கு, அதாவது நம் நேரப்படி காலை 8:44:07க்கு, அந்த எல்லை வந்துவிடும். அடுத்த விநாடியில், பெரும்பாலான கணினிகளில், எண் எதிர்மறையாகிப் பொதுநேரப்படி 1901 டிசம்பர் 13 இரவு 8:45:52 என்று காட்டும். மிஞ்சியது ஒரே ஒரு விநாடி. இழந்தது 136 ஆண்டு. 'வழிந்தது' என்று சொன்னால், கொஞ்சம் சிந்தியது, மற்றபடி எல்லாம் நலம் என்ற எண்ணம் வருமே தவிர இந்த விபரீதம் விளங்காது.

அப்படியானால் 'சுற்றிவரல்' என்று வைக்கலாமே என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். அதுவும் தேவையான சொல்தான்; ஆனால் அது ராப்அரவுண்ட் என்பதற்கு உரியது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை 10 பிட்டில் எண்ணி அனுப்புவதால், 1024 வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. 2038 நவம்பரில் மறுபடியும் திரும்பும். அது வடிவமைப்பிலேயே உள்ள சுற்று. நம் அறுபது ஆண்டு வட்டமும் இதே வகையைச் சேர்ந்ததே. பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் 'விஜய வருஷம்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது 1953இல் தொடங்கியதா, 2013இல் தொடங்கியதா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. சக ஆண்டோ ஆங்கில ஆண்டோ பக்கத்தில் இருந்தால்தான் தெளிவு கிடைக்கும்.

சி என்ற நிரல்மொழியின் தரவரையறையும் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. குறியற்ற எண்கள் சுற்றிவருவது அங்கே முறையான கணக்கு. அதை அது ஓவர்ஃப்ளோ என்று அழைப்பதே இல்லை. குறியுடைய எண்ணில் எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதை அது வரையறுக்காமல் விட்டிருக்கிறது. அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றித்தரும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளலாம். அதை நம்பி, 'கூட்டிய பின் எண் சிறுத்துவிட்டதா' என்று நிரலர் கவனமாக எழுதிவைத்த சோதனை வரியையே நீக்கிவிடவும் செய்யலாம். எனவே விளைவை வைத்துப் பெயரிட்டால் மொழிக்கு மொழி பெயர் மாற வேண்டியிருக்கும். எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது காரணம் மட்டுமே: ஓர் இடத்தில் அது கொள்ளத்தக்க அளவை மீறிய மதிப்பு வந்து சேர்கிறது.

அதனால் நான் முன்மொழிவது 'கொள்மீறல்'. கொள்கலம், கொள்முதல், கொள்ளளவு என்பவை எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். அவற்றின் துணையோடு 'கொள்ளும் அளவை மீறுதல்' என்ற பொருள் உடனே பிடிபடும். 'தேதிக் கொள்மீறல்' என்று சேர்த்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. 'காலவரம்பு மீறல்' வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். கடன் கணக்கு பார்க்கும் எவரும் அதைத் தவணை தப்பியது என்றே படிப்பார். நம் கருவி அதிகம் பயன்படப்போவது அத்தகைய நிரல்களில்தான்.

'2038 சிக்கல்' என்று சொல்லிவிட்டால் போதாதா என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும். போதாது. 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. தீநிரல் தேடும் பகுதியின் பதிப்பெண்ணை ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை வரிசையாக ஒட்டி 2201010001 என்பதுபோல் எழுதி, அதைக் குறியுடைய 32 பிட் எண்ணாக மாற்ற முயன்றதே காரணம். 21 என்று தொடங்கிய முந்தைய ஆண்டின் எண்கள் அடங்கின; 22 என்று தொடங்கியதும் அடங்கவில்லை. 2006 மே மாதத்தில் ஏஓஎல்சர்வர் என்ற வலைச்சேவை நிரல் நிலைகுலைந்ததற்கு, 'முடிவே இல்லாத' காத்திருப்பு நேரம் என்று 100 கோடி விநாடியைக் குறித்து, அதை அன்றைய நேரத்தோடு கூட்டியதே காரணம். கூட்டுத்தொகை 2038ஐத் தாண்டிவிட்டது. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் நிரலுக்கு எல்லை முன்கூட்டியே வந்துவிடுகிறது. 2023 ஜனவரி 19க்குப் பிறகு வழங்கப்பட்ட 15 ஆண்டுக் கடன் ஒவ்வொன்றின் முடிவுத் தேதியும் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது.

நாங்கள் பார்த்த வரி ஒன்றை இங்கே எடுத்துக்காட்டுகிறேன். ஜாவா நிரலில், '30 நாளில் கட்ட வேண்டும்' என்பதற்காக 30 × 24 × 60 × 60 × 1000 என்று மில்லிவிநாடியில் பெருக்கி, விடையை 64 பிட் மாறியில் வைத்திருந்தார்கள். மாறி பெரியதாக இருப்பதால் பார்ப்பவருக்கு ஐயம் எழாது. ஆனால் வலப்புறம் உள்ள எண்கள் யாவும் 32 பிட் எண்கள். ஆகையால் பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்து முடிந்து, அதன் பிறகே விடை பெரிய மாறிக்கு மாறுகிறது. வர வேண்டியது 259,20,00,000, வந்தது −170,29,67,296. அதாவது 30 நாள் கழித்து வர வேண்டிய கெடு, 19 நாள் 17 மணிக்கு முன்பே முடிந்துபோனதாகக் கணக்காகிறது. இதே வரியில் 24 நாள் என்று கொடுத்துச் சோதித்திருந்தால் விடை சரியாகவே வந்திருக்கும், 25இல்தான் உடைகிறது. நிரலை இயக்கிச் சோதிப்பவர் 7 நாளும் 15 நாளும் கொடுத்துப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுவார். இயக்காப் பகுப்பாய்வு இந்த இடத்தில்தான் தன் பயனைக் காட்டுகிறது: 32 பிட்டில் பெருக்கி 64 பிட்டில் வைக்கும் வடிவத்தை வரியைப் படித்தவுடனே அது அடையாளம் கண்டுவிடும்.

வடிவத்தைத் தேடுவது எளிய வகை. இன்னும் ஆழமான வகை, ஒவ்வொரு மாறியிலும் வரக்கூடிய மதிப்புகளை ஓர் இடைவெளியாகக் கொண்டு கணக்கிடுவது. இன்டர்வல் என்பதற்குப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'இடைவெளி' என்றே இருப்பதால் அதை மாற்றத் தேவையில்லை. நடப்பு நேரம் 2026 ஜனவரி 1, அதாவது 176,72,25,600 என்று வைத்துக்கொள்வோம். கடன் காலம் 1 முதல் 20 ஆண்டு வரை என்றால், ஆண்டுக்கு 365 நாள் கணக்கில், முடிவுத் தேதியின் இடைவெளி 179,87,61,600 முதல் 239,79,45,600 வரை விரிகிறது. மேல் எல்லை கொள்ளளவைத் தாண்டுகிறது, எனவே எச்சரிக்கை. கடன் காலம் 10 ஆண்டுக்கு மேல் போகாது என்று நிரலிலேயே சோதனை இருந்தால், மேல் எல்லை 208,25,85,600இல் நின்றுவிடும், எச்சரிக்கை எழாது. அப்படி ஒரு வரம்பு எங்குமே எழுதப்படாவிட்டால், கருவி எந்த எண்ணும் வரலாம் என்று கருதி, கூட்டல் நடக்கும் ஒவ்வொரு வரியிலும் எச்சரிக்கும். இதற்காகக் கருவியைக் குறைகூற முடியாது. எந்த நிரலுக்கும் ஒன்றையும் விடாமலும் ஒன்றையும் மிகையாகச் சொல்லாமலும் தீர்ப்பளிக்கும் முறை இருக்க முடியாது என்பது 1953 முதல் நிறுவப்பட்ட உண்மை.

இத்தகைய மிகையான எச்சரிக்கையைப் 'பொய் எச்சரிக்கை' என்பதைவிட 'வீண் எச்சரிக்கை' என்பது பொருந்தும் என எண்ணுகிறேன். கருவி பொய் சொல்லவில்லை, தெரிந்ததை வைத்து முன்னெச்சரிக்கையாக இருக்கிறது. 64 பிட் நேரத்தை 32 பிட் இடத்தில் வைக்கும்போது மேற்பகுதி வெட்டுப்படுவதற்கு 'மேல்பிட் இழப்பு' என்று தனிப்பெயர் வேண்டும், ஏனெனில் திருத்தும் முறை வேறு: கணக்கை மாற்றுவதால் பயனில்லை, வைக்கும் இடத்தை அகலப்படுத்த வேண்டும்.

செய்தியின் வரைவு இது:

"எச்சரிக்கை: தேதிக் கொள்மீறல் நேரலாம். 'தவணை_முடிவு' 32 பிட் எண். இங்கே வரக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 239,79,45,600. அது கொள்ளத்தக்கது 214,74,83,647. 'கடன்_ஆண்டு' 20 வரை போகலாம் என்பதால் இது நேர்கிறது."

கடைசி வாக்கியத்தைச் சுருக்கலாம் என்று நம்மில் சிலர் கருதுகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற வரிகளைச் சுருக்கினாலும் அதை விடக் கூடாது. எந்த மாறியால் எல்லை மீறியது என்பது தெரியாவிட்டால் படிப்பவர் எங்கே போய்த் திருத்துவார்? 'கொள்மீறல்' பிடிக்காத அன்பர்கள், இந்தச் செய்தியில் அந்தச் சொல் வரும் இடத்தில் தங்கள் சொல்லை இட்டு, முழுச் செய்தியாகவே எழுதிக் காட்டும்படி வேண்டுகிறேன்.