இரண்டு பேர் மட்டும் உணவகம் போனால் கேக்குக்கு வயிற்றில் எப்படி இடம் வைப்பது?

பசியோடு வந்தவன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் என் மனைவிக்குப் பிறந்தநாள். விருந்தாளிகள் கிடையாது, நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நல்ல உணவகத்தில் இரவுச் சாப்பாடு, கூடவே ஒரு நல்ல கேக். கேட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடுகிறது.

நான் மெனு அட்டையை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவன். சூப், ஸ்டார்ட்டர் என்று கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிவிடுவேன். அவள் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள். இனிப்பு என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முன்பக்கம் வருவாள். கேக் வந்தால் போதும், முள்கரண்டியால் அடுக்கு அடுக்காகப் பிரித்து, நடுவில் என்ன தடவியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, எனக்கு விளக்கமும் சொல்லி, ஒரே துண்டை அரை மணி நேரம் சாப்பிடுவாள். நான் மூன்று வாயில் முடித்துவிட்டு அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது எங்களுக்குள் தீராத வழக்கு.

சிக்கல் என்னவென்றால், உணவகத்தில் கேக் வந்து சேரும்போது எங்கள் இருவருக்குமே மூச்சு முட்டும். ஆளுக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வருவோம். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் ஐசிங் கல்லாகியிருக்கும், வெட்டிய பக்கம் காய்ந்திருக்கும். போன பிறந்தநாளுக்கு வேறொரு கூத்து. விளக்கை அணைத்து, பணியாளர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டே கேக்கைக் கொண்டு வந்தார்கள். அவள் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளாத குறைதான்.

கேக்கை உணவகத்திலேயே சொல்வதா, வெளியில் செய்யச் சொல்லிக் கொண்டு போவதா? இரண்டு பேருக்கு எவ்வளவு பெரிய கேக்? நிறையச் சாப்பிட்ட பிறகும் திகட்டாத கேக் ஏதாவது உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நள்ளிரவுத் தேநீர் எழுதியது:

கேக்கை முதலில் சாப்பிடுங்கள். அவ்வளவுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இனிப்பு கடைசியில்தான் வர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உங்கள் மனைவிக்கு எது முக்கியமோ அது பசி இருக்கும்போது வரட்டும். நாங்கள் எங்கள் திருமண நாளில் இப்படிச் செய்தோம். பரிமாற வந்த பையன் ஒரு மாதிரிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போகட்டும்.


அடுப்படி ஆள் எழுதியது:

கேக் செய்து வயிறு வளர்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. கடைக்கு வருபவர்கள் எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். நாலு அங்குலக் கேக்குக்கும் எட்டு அங்குலக் கேக்குக்கும் இரண்டு மடங்குதான் வித்தியாசம் என்று நினைக்கிறார்கள். உயரம் ஒன்றாக இருந்தால் எட்டு அங்குலம் என்பது நாலு மடங்கு. இரண்டு பேருக்கு நாலு அங்குலம் தாராளம். பென்டோ கேக் என்று கேளுங்கள், சின்னப் பெட்டியில் வைத்துத் தருவார்கள். ஆறு அங்குலம் வாங்கினால் மூன்று நாள் சாப்பிட வேண்டியிருக்கும், நாலாம் நாள் சண்டை வரும்.

அப்புறம் சூடு. ஃப்ரிட்ஜிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் பட்டர் க்ரீம் கேக்கைப் போலப் பரிதாபமான பண்டம் வேறு இல்லை. குளிரில் வெண்ணெய் இறுகிவிடும், வாய்க்குள் போய்த்தான் உருக ஆரம்பிக்கும். நாக்கும் ஒத்துழைக்காது. இனிப்பை மூளைக்குச் சொல்லும் வழியில் டிஆர்பிஎம்5 என்று ஒரு புரதம் இருக்கிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது அதன் வேலை பல மடங்கு கூடுகிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் உருகிப்போன ஐஸ்க்ரீம் திகட்டுகிறது. பட்டர் க்ரீம், கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் கலந்த பூச்சு) கேக்குகளைச் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள். விப்பிங் க்ரீம், மூஸ் கேக் என்றால் இந்த விதி பொருந்தாது, அவை கடைசி வரை குளிரிலேயே இருக்க வேண்டும்.

இதை வைத்தே உங்கள் முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். வெளியிலிருந்து கேக் கொண்டு போவதாக இருந்தால், மேஜையைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். சில இடங்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். சில இடங்களில் கேக் வெட்டித் தருவதற்கு என்று தனிக் கட்டணம் போடுவார்கள், பில் வந்த பிறகு தெரிந்தால் அந்த நாளே கெட்டுப்போகும். சம்மதித்தால், எந்த நேரத்துக்கு ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெட்டியை மூடியே வைக்கச் சொல்லுங்கள். வெண்ணெய் பக்கத்திலிருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பூண்டு மணக்கும் சாக்லேட் கேக்கை நான் சாப்பிட்டிருக்கிறேன், உங்களுக்கு வேண்டாம்.

எந்தக் கேக் என்றால், வயிறு நிறைந்த பிறகு கசப்போ புளிப்போ உள்ளதாகப் பாருங்கள். ஓபரா கேக் கிடைத்தால் விடாதீர்கள். காபிப் பாகில் நனைத்த மெல்லிய பாதாம் ஸ்பாஞ்ச், காபி பட்டர் க்ரீம், சாக்லேட் கனாஷ் என்று அடுக்கியிருப்பார்கள். அடுக்கைப் பிரித்துப் பார்க்கும் அம்மணிக்கு அன்றைக்கு வேலை சரியாக இருக்கும். எலுமிச்சை டார்ட்டும் நல்லது. வியன்னாவின் சாகர் டோர்ட் என்ற சாக்லேட் கேக்கை வழக்கமாகச் சர்க்கரை போடாத க்ரீமோடு வைப்பார்கள். சாக்லேட் கேக்குக்கு மேலே இன்னும் இனிப்பான எதையும் ஊற்றாமல் இப்படி விட்டுவிட்டால் ஒரு முழுத் துண்டும் சுலபமாக உள்ளே போகும். உங்கள் கேக்குக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சர்க்கரை இல்லாமல் க்ரீம் அடித்துத் தருவது பெரிய வேலை இல்லை.


தட்டுக்கு எதிர்த்தட்டு எழுதியது:

அடுப்படி ஆள் சொன்னதில் ஒரு சந்தேகம். வயிறு நிறைந்த பிறகும் கேக்கைப் பார்த்தால் ஆசை வருகிறதே, அது ஏன்?


அடுப்படி ஆள் எழுதியது:

அதற்கும் ஆராய்ச்சி உண்டு. பார்பரா ரோல்ஸும் கூட இருந்தவர்களும் 1981இல் எழுதினார்கள். எதைச் சாப்பிட்டோமோ அதன் மேல்தான் ஆசை வேகமாகக் குறைகிறது, சாப்பிடாத பண்டத்தின் மேல் அவ்வளவு குறைவதில்லை. உப்பும் காரமுமாகச் சாப்பிட்டு முடித்தவருக்கு இனிப்பு புதிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆசையும் முதல் சில வாய் வரைக்கும்தான். மேஜையில் இரண்டு வாய், மிச்சம் பொட்டலம் என்று நம்மவர் எழுதியிருப்பதும் இதைத்தான்.


இரட்டைப்பின்னல் எழுதியது:

எல்லாரும் கேக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அண்ணா, அண்ணியிடம் கேட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கணவரும் இப்படித்தான். ரகசியமாக ஏற்பாடு செய்கிறேன் என்று எனக்குப் பிடிக்காததைப் பிரமாதமாகச் செய்து வைப்பார். கைதட்டிப் பாடியது அண்ணிக்குப் பிடிக்கவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் பதிவு செய்யும்போது பிறந்தநாள் என்றே சொல்லாதீர்கள். சொன்னால் பாட்டு நிச்சயம்.

இன்னொன்று, சத்தம். பாட்டு அலறும் இடத்தில் எனக்கு எந்த இனிப்பும் ருசிப்பதில்லை. இது என் மனப்பிராந்தி என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். பிறகுதான் படித்தேன், ஹெட்போனில் இரைச்சலை ஓடவிட்டுச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரைச்சல் கூடினால் இனிப்பும் உப்பும் குறைவாகத்தான் தெரிகிறதாம். எனவே மூலை மேஜையாகக் கேளுங்கள், ஸ்பீக்கருக்கு அடியில் வேண்டாம். கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விட்டால் இன்னும் நல்லது. அரை மணி நேரம் கேக் சாப்பிடுகிறவரை அந்த நேரத்தில் யாரும் எழுப்பிவிடவும் மாட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டையும் ஒரே மேஜையில் வைக்கவே வேண்டாம். சாயங்காலம் கேக், காபி. நடுவில் ஒரு நடை. இரவில் சாப்பாடு. ஒரு பிறந்தநாளுக்கு இரண்டு தடவை வெளியே போன மாதிரியும் ஆகும்.


சர்க்கரைக் கணக்கு எழுதியது:

தம்பி, நானும் என் வீட்டுக்காரியும் அறுபதைத் தாண்டியவர்கள். எனக்குச் சர்க்கரை நோய். கேக்கை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், வரிசையை மாற்றிக்கொண்டேன்.

கேக்கை முதலில் சாப்பிடுங்கள் என்று ஒருவர் சொன்னது உங்களைப் போன்ற இளவயதுக்காரர்களுக்குச் சரி. எங்களைப் போன்றவர்கள் செய்யக் கூடாது. காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்தும் இனிப்பும் கடைசியில் என்று சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. 2015இல் நியூயார்க்கில் நீரிழிவு உள்ளவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான் கேக் சாப்பிடும் நாளில் மற்ற மாவுப் பண்டங்களைக் குறைத்துக்கொள்வேன், சாப்பிட்டதும் இருவரும் நடப்போம். இது என் மருத்துவரோடு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, அவரவர் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீந்த கேக் காய்ந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1906 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழுக்கு இதைப் பற்றியே ஒரு கடிதம் எழுதினார். ஐந்து அங்குல வட்டக் கேக், அளவாகச் சாப்பிடும் இரண்டு பேர், காயாமல் எப்படி வெட்டுவது? கணக்கு உங்களுக்காகவே போட்டதுபோல இருக்கிறதா? முக்கோணமாக வெட்டாதே என்கிறார். நடுவில் பட்டையாக ஒரு துண்டை, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள இரண்டு பாதியையும் ஒட்டித் தள்ளி ரப்பர் பேண்டு போட்டுவிட வேண்டும். வெட்டிய முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் காற்றுப் படாது. அடுத்த நாள் குறுக்கே அதேபோல இன்னொரு பட்டை. மனிதர்களைத் தரம் பிரிப்பதில் அந்த ஆள் எழுதியவை மகா மோசம், கேக்கைப் பிரிப்பதில் மட்டும் குறை சொல்ல முடியாது. க்ரீம் வழியும் கேக்குக்கு இது உதவாது, ரப்பர் பேண்டு உள்ளே போய்விடும்.


அடுப்படி ஆள் எழுதியது:

ஐயா, ரப்பர் பேண்டு யோசனை அருமை. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். க்ரீம், பழம் எதுவும் இல்லாத சாதாரண ஸ்பாஞ்சை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். மாவுச்சத்து இறுகிப் பழசாவது ஃப்ரிட்ஜ் குளிரில்தான் வேகமாக நடக்கும். டப்பாவில் போட்டு மூடி வெளியில் வையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வேண்டுமென்றால் துண்டுகளைச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள், அங்கே அந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். க்ரீம் கேக் மட்டும் எப்போதும் ஃப்ரிட்ஜில். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வாயில் வைக்காதீர்கள்.


பசியோடு வந்தவன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரட்டைப்பின்னல் சொன்னபடி அவளிடமே கேட்டுவிட்டேன். இந்தத் திரியையும் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, “நான் அரை மணி நேரமெல்லாம் சாப்பிடுவதில்லை” என்றாள். மற்றது எதையும் மறுக்கவில்லை.

முடிவாகியிருப்பது இதுதான். சாயங்காலம் நாலு மணிக்குக் கேக், உணவகத்தில் இல்லை, வீட்டில். நாலு அங்குலம், காபி அடுக்கு, சர்க்கரை போடாத க்ரீம் தனிக் கிண்ணத்தில். ஒன்பது மணிக்கு உணவகம், மூலை மேஜை கிடைத்துவிட்டது. பிறந்தநாள் என்று மூச்சுவிடவில்லை. ஸ்டார்ட்டர் ஒன்றுதான் என்று அவள் நிபந்தனை போட்டாள், நான் இரண்டு என்றேன், பேச்சுவார்த்தை நடக்கிறது. சாப்பாடு முடிந்த பிறகும் மெனுவின் கடைசிப் பக்கத்தைத் தான் படிக்கப் போவதாக இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

அடுப்படி ஆளுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கடையிலிருந்து வீடு முக்கால் மணி நேரக் கார்ப் பயணம். கேக்கை அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் போதுமா?


அடுப்படி ஆள் எழுதியது:

மடியில் வேண்டாம். மடி சாய்வாக இருக்கும், உடம்புச் சூடும் ஏறும். சீட்டும் பின்பக்கம் சரிந்துதான் இருக்கும். முன் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில் தட்டையாக வையுங்கள். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு உள்ளே குளிர்ந்த பிறகு கேக்கை ஏற்றுங்கள். கடையில் சொல்லிக் கேக்கை நன்றாகக் குளிரவைத்து வாங்கினால் அடுக்கு நகராது. க்ரீம் கிண்ணத்தை மட்டும் ஐஸ் பையோடு தனியாகக் கொண்டு போங்கள். வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து நாலு மணி ஆக வேண்டும், அதனால் இரண்டே காலுக்குள் கடையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.