ஆம்பூர் பிரியாணிக்கு எந்த வெள்ளை ஒயின் சரிப்படும்?

காட்பாடிவாசி:
ஞாயிறு மதியம் எட்டு பேருக்கு ஆம்பூர் மட்டன் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர் வெங்காயம், கடைசியில் ஆற்காடு மக்கன் பேடா. கையில் இருப்பது ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயின், ஆல்கஹால் 14 சதவீதம். தனியாகக் குடித்தால் நன்றாக இருக்கிறது, பிரியாணியோடு குடித்தால் நாக்கு எரிந்து கசக்கிறது. பாட்டில் கெட்டுவிட்டதா? வேறு எது வாங்கலாம்?

கொடிப்பந்தல்:
கெடலைங்க, ஜோடிதான் தப்பு. ஆம்பூர் பிரியாணியில் காரம் முழுக்க ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதிலிருந்து வருது. ஆல்கஹால் கூடக்கூட அந்த எரிச்சலும் கூடும். ஓக் துவர்ப்பும் சேர்ந்தா கசப்பு.

லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, 12 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால், ஓக் வாடையே இல்லாதது: நாசிக் செனின் ப்ளாங்க் வாங்குங்க. இந்தத் திராட்சைக்குப் பூர்வீகம் பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரை, வூவ்ரே ஒயின் இதில்தான் செய்யறாங்க. அங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கும். நாசிக்கில் உறங்காது, அதனால வருஷத்துக்கு ரெண்டு கவாத்து: ஏப்ரலில் ஒண்ணு, செப்டம்பர் அக்டோபர் வாக்கில் காய்ப்புக் கவாத்து. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஊர் சுமார் 600 மீட்டர் உயரம், அந்த மாசங்களில் ராத்திரி நல்லா குளிரும். பழத்தில் புளிப்பு தங்கறது அதனாலதான். பறிக்கத் தாமதமானா சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கி, ஒயின் சப்புன்னு போயிடும்.

புளிக்கரைசல்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா இங்கே வில்லன் பிரியாணி இல்லை, கத்திரிக்காய். உணவில் இருக்கிற புளிப்பு ஒயினில் இல்லைன்னா ஒயின் தண்ணி மாதிரி இருக்கும். அரை கிலோ கத்திரிக்காய்க்கு எலுமிச்சை அளவு புளி போடறவங்க நெல்லிக்காய் அளவுக்குக் குறைங்க, எள்ளும் வேர்க்கடலையும் கொஞ்சம் கூட்டுங்க. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம முள்ளுக் கத்திரிக்காய் இதுக்கு ரொம்பப் பொருத்தம்.

கிடைச்சா ஜெர்மனியில் மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங் திராட்சை ஒயின், அதிலும் 'கபினெட்' என்ற லேசான வகை, இன்னும் மேல். ஸ்லேட் கல் சரிவுகளில் விளையறது, ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். லேபிளில் 'ட்ரோக்கன்' இருந்தா எடுக்காதீங்க, அது இனிப்பில்லாத வகை, மிளகாய்க்கு ஆகாது.

காட்பாடிவாசி:
நன்றி. கடையில் பாட்டிலைப் பார்த்தே தேற வழி உண்டா? மக்கன் பேடாவோடு எது?

கொடிப்பந்தல்:
பாட்டில் கண்ணாடி அலமாரியில் வெயில் படற இடத்தில் நின்னா தொடாதீங்க. அறுவடை ஆண்டு பாருங்க, செனின் ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கணும். வெளிச்சத்தில் பிடிச்சா பச்சை ஓடின வைக்கோல் நிறம் தெரியணும். நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தா காத்து பட்டுப் போச்சுன்னு அர்த்தம், திறந்தா வெட்டி வெச்ச ஆப்பிள் வாடை வரும்.

மக்கன் பேடாவுக்கு ஒயின் வேண்டாம். பாகை விட ஒயின் இனிப்பா இல்லைன்னா வெறும் புளிப்புதான் தெரியும். சுக்குக் காபி கொடுங்க.

ஐஸ்பெட்டி:
ஒண்ணு விட்டுப்போச்சு. நம்ம ஊர் வெயிலில் கார் டிக்கியில் ஒரு மணி நேரம் வெச்சாலே ஒயின் வெந்துடும், நேரா வீட்டுக்குக் கொண்டு போங்க. பரிமாற 8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜில் மூணு மணி நேரம், அவசரம்னா வாளியில் பாதி ஐஸ் பாதி தண்ணி, ஒரு கைப்பிடி கல்லுப்பு, 20 நிமிஷம். ஃப்ரீசரில் மறந்தா கார்க் வெளியே வரும், பாட்டில் வெடிக்கவும் செய்யும். ஒரு தடவைக்கு 100 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க, பிரியாணி ஆவி பக்கத்தில் கிளாஸ் சீக்கிரம் சூடாயிடும். ஒரு பாட்டில் 750 மில்லி, எட்டு பேருக்கு மூணு போதும். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வெச்சா மூணு நாள் தாங்கும்.