பேட்டரி டிரில் 2-ம் கியரில் நிற்க மாட்டேன் என்கிறது

மரத்தூள்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 18 வோல்ட் பேட்டரி டிரில், ஆறு வருடமாக உழைக்கிறது. போன வாரம் அலமாரிச் சட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று மோட்டார் வீரிட்டது, பிட்டை (துளை போடும் கம்பியை) கவ்விப் பிடிக்கும் சக் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே கர்ரென்று ஒரு சத்தம். மேலே இருக்கும் கியர் பட்டனைப் பார்த்தால், 2-ல் இருந்தது கொஞ்சம் பின்வாங்கி நடுவில் நிற்கிறது. கட்டைவிரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டால் ஓடுகிறது, விட்டால் மறுபடியும் அதே கதை. 1-ல் ஒரு தொந்தரவும் இல்லை. இது அப்பாவும் நானும் சேர்ந்து போய் வாங்கியது. அவர் இப்போது இல்லை. புதிது வாங்கிக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

திருப்புளி:
முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சக்குக்குப் பின்னால் எண் போட்டிருக்கும் கிளட்ச் வளையம் எந்த எண்ணில் இருந்தது? குறைந்த எண்ணில் இருந்தால் சுமை ஏறியதும் டக் டக் டக் என்று சீராகத் தட்டிவிட்டு நிற்கும். அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். டிரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள்.

மரத்தூள்:
டிரில் படத்தில்தான் இருந்தது. சீரான தட்டல் இல்லை, அரைக்கிற சத்தம்.

பழைய மெக்கானிக்:
பட்டன் தானாக நகர்கிறது என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது தம்பி. உள்ளே ஒரு பல் வளையம் முன்னும் பின்னும் நகரும். 1-ல் அது கியர் பெட்டியின் உடம்போடு பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். வேகம் குறைந்து இழுவை கூடும். 2-ல் அங்கிருந்து விலகி, பக்கத்துத் தட்டின் பல்லோடு கோத்துக்கொண்டு மொத்தமாகச் சுற்றும். அந்த வளையத்தைத் தள்ளுவது உங்கள் பட்டன் இல்லை, பட்டனுக்கு அடியில் இருக்கும் ஒரு வளைந்த ஸ்பிரிங் கம்பி. அதன் இரண்டு நுனியும் வளையத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கம்பி தளர்ந்தால் பல் முழுசாகக் கோக்காது, சுமை வந்ததும் வெளியே உதைத்துவிடும். பட்டனைப் பிடித்தால் ஓடுகிறது என்பதால் பல் இன்னும் மொட்டையாகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இப்படியே பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், ஒவ்வொரு கர்ருக்கும் பல்லின் முனை கொஞ்சம் போகிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுங்கள். சக்கைக் கழற்ற வேண்டி வந்தால், தாடைகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் இடது மரை. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலமாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எத்தனையோ பேர் தலையை மழுங்கடித்துவிட்டு வருவார்கள்.

மரத்தூள்:
திறந்துவிட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னதுதான். கம்பியின் ஒரு கால் பள்ளத்துக்குள் இருக்கிறது, மறு கால் விரிந்து விளிம்பில் ஏறி நிற்கிறது. அந்தக் கால் நுனி தேய்ந்து பளபளவென்று ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. வளையத்தின் பல்லில் ஓரம் லேசாக உருண்டிருக்கிறது, உடையவில்லை. கிரீஸ் கறுத்துப் பிசினாகக் கிடக்கிறது. குறடால் கம்பியை வளைத்து உட்கார வைத்துவிடலாமா?

பழைய மெக்கானிக்:
வளைத்தால் ஓடும், ஆனால் ரொம்ப நாள் வராது. அது கடினப்படுத்திய கம்பி, இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடியும். நுனியும் தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள். டிரில் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லிக் கம்பியை மட்டும் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கிடைக்காவிட்டால் கியர் பெட்டியாகவே வாங்கிவிடலாம். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸைப் பல்லில் படும் அளவுக்குப் பூசுங்கள். திணிக்க வேண்டாம், மோட்டார் பக்கம் போகக் கூடாது. மூடும்போது பட்டனும் வளையமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

அப்புறம், ஓடும்போது கியர் மாற்றுகிற பழக்கம் உண்டா?

மரத்தூள்:
உண்டு. நிற்பதற்குள் தள்ளிவிடுவேன்.

பழைய மெக்கானிக்:
கம்பி விரிந்தது அதனால்தான். முழுசாக நிற்கவிட்டு மாற்றுங்கள். பட்டன் போக மறுத்தால் அழுத்தாதீர்கள், பல்லுக்குப் பல் முட்டிக்கொண்டிருக்கும். சக்கைக் கையால் துளி திருப்பினால் தானாக உள்ளே விழும்.

மரத்தூள்:
புதுக் கம்பி தனியாகவே கிடைத்தது. போட்டு மூடி, 6 மி.மீ. பிட்டை மாட்டி 2-ம் கியரில் 40 துளை போட்டேன். பட்டன் இம்மி நகரவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. அலமாரிக்கு இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி.